தேங்காய் முந்துமா, குரும்பை பிந்துமா?

கேள்வி: எங்கள் வீடு தக்கலை அருகே. முற்றத்தில் நிற்கும் தென்னை ஐம்பது அடி உயரம் இருக்கும். "முற்றிய காய்தான் வேகமாக வரும், குரும்பை மெல்ல விழும், பயமில்லை" என்கிறார் மாமியார். என் மகன் இரண்டையும் மொட்டை மாடியிலிருந்து சேர்த்துப் போட்டுக் காட்டினான். ஒன்றாகவே தரையைத் தொட்டன. எது சரி? மூத்த குலைகளை மட்டும் வெட்டினால் பிள்ளைகள் மரத்தடியில் விளையாடலாமா?

பதில்: உங்கள் மகன் கண்டதே சரி. கேட்டதை நம்பாமல் போட்டுப் பார்த்தானே, அதற்காக அவனை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஒன்றரைக் கிலோ காயைப் பூமி, ஐம்பது கிராம் குரும்பையைவிட 30 மடங்கு விசையுடன் இழுக்கிறது. ஆனால் அந்தக் காய்க்கு வேகம் ஏற்றவும் 30 மடங்கு விசை தேவை. கூடுதல் இழுப்பு அதற்கே செலவாகிவிடுகிறது. அதனால் இரண்டுக்கும் ஒவ்வொரு விநாடியும் கூடும் வேகம் ஒன்றுதான்: விநாடிக்கு 9.8 மீட்டர்.

மாமியாருக்குக் கலிலியோவின் வாதத்தைச் சொல்லுங்கள். அவர் கற்களை வைத்துச் சொன்னார். நாம் குரும்பையைக் காயோடு கட்டிப் போடுவோம். குரும்பை மெல்ல விழுவதானால் அது காயைத் தடுக்கும், கட்டு தாமதமாக வரவேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்து எடை கூடிவிட்டதே, இன்னும் விரைவாகவும் வரவேண்டும்! இரண்டும் எப்படி நடக்கும்?

காய்ந்த மட்டை மட்டும் ஏன் ஆடி அசைந்து வருகிறது என்று மாமியார் கேட்கக்கூடும். அதன் ஓலைப் பரப்பு முழுவதையும் காற்று தாங்குகிறது. எடை அதற்குக் காரணமல்ல. காற்றே இல்லாத நிலவில் 1971-இல் அப்போலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. நம் முற்றத்துக் காற்றும் குரும்பையைக் கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான்.

ஐம்பது அடியிலிருந்து விழுவது காயானாலும் குரும்பையானாலும் இரண்டு விநாடிக்குள், மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கு வந்துவிடும். சத்தம் கேட்டு விலக நேரமிருக்காது. அந்த வேகத்தில் முற்றிய காய் சுமந்து வரும் ஆற்றல் குரும்பையைப்போல 30 மடங்கு, உயிரையே பறிக்கக்கூடியது. மாமியார் பெரிய காய்க்கு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குரும்பையும் பிஞ்சுத் தலையையோ கண்ணையோ காயப்படுத்தும். மூத்த குலைகளோடு காய்ந்த மட்டை, பாளைகளையும் இறக்கச் சொல்லுங்கள். அப்படி இறக்கினாலும் குரும்பை உதிர்வது நிற்காது. ஆகவே விளையாட்டு ஓலை நுனிகளைத் தாண்டியே இருக்கட்டும். காற்று பலமாக வீசும் நாட்களில் இன்னும் தள்ளி.