ஏஎஸ்400ல (ஐபிஎம் சர்வர்) நைட் பேட்ச், அதாவது ராத்திரி தானா ஓடுற ஜாப், இழுக்குதா, முதல்ல இத பாருங்க

2 மணி நேரத்துல முடிஞ்ச ஜாப் இப்ப 6 ஆகுது ஆனா சிபியூ சும்மாதான் இருக்குங்கிறீங்க, அப்ப ரன் பிரயாரிட்டி நம்பர 50ல இருந்து குறைச்சு (நம்பர் குறைஞ்சா முன்னுரிமை கூடும்) ஒண்ணும் ஆகாதுங்க, சிபியூவுக்கு அடிதடி இருந்தாதான் அது உதவும். ஓடும்போதே வொர்க் ஆக்டிவ் ஜாப் (WRKACTJOB) கமாண்ட் போட்டு உங்க ஜாபோட ஸ்டேட்டஸ் பாருங்க. எல்சிகேடபிள்யூனா (LCKW, லாக்குக்கு காத்திருக்கு) இதுக்கு வேண்டியத வேற ஏதோ ஜாப் லாக் பிடிச்சு வச்சிருக்கு. ரன்னுன்னா (RUN, ஓடிட்டு இருக்கு) ஜாபுக்கு பக்கத்துல ஆப்ஷன் 5 போட்டு உள்ள போய் 14, அதான் ஓபன் ஃபைல்ஸ், அங்க எஃப்5 (ரிஃப்ரெஷ்) அடிச்சுகிட்டே இருங்க, எந்த ஃபைல்ல ஐஓ கவுண்ட் (படிச்சு எழுதுற எண்ணிக்கை) எகிறுதோ அதான் நம்ம ஆளு, என் அனுபவத்துல பாதி நேரம் சரியான இண்டெக்ஸ் இல்லாம மொத்த ஃபைலையும் படிச்சிட்டு இருக்கும். அப்புறம் ஜாப் கியூல (ஜாப் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நிக்கிற வரிசை) காத்திருந்த நேரத்தையும் சேர்த்து கணக்கு போட்டுடாதீங்க, பேட்ச் ஜாப் ஓடுற க்யூபேட்ச்ல (QBATCH) செட்டிங்க மாத்தாம விட்டா ஒரு நேரத்துல 1 ஜாப்தான். ஸ்டேட்டஸ் என்ன வருதுன்னு இங்க போடுங்க, பாக்கலாம்.