ஹெலிகாப்டர் ஓட்டும் விமானப்படை பைலட் பின்னாளில் போர் விமானத்துக்கு மாற முடியுமா?

நடைமுறையில் முடியாது. போர் விமானத்திலிருந்து சரக்கு விமானத்துக்கோ ஹெலிகாப்டருக்கோ போனவர்கள் உண்டு. அங்கிருந்து இங்கே வருவது இந்திய விமானப்படையில் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் ஒரே பிரிவுக்குள் போர் விமானத்தில் மிக்-21இலிருந்து (2025இல் ஓய்வு பெற்றது) ரஃபேல், சரக்கு விமானத்தில் ஆன்டனோவ்-32இலிருந்து சி-130 என்று மாறுவது வெகு சாதாரணம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம்.

பிரிவு முடிவாகும் இடம் ஹைதராபாத்தை ஒட்டிய துண்டிகல் அகாடமி. என்.டி.ஏ., சி.டி.எஸ்., அஃப்கேட் என எந்த நுழைவுத் தேர்வு வழியாக வந்தாலும் முதல் கட்டத்தில் எல்லோரும் பறப்பது ஒரே இன்ஜின் கொண்ட பிலாட்டஸ் பிசி-7இல்தான். அதன் முடிவில் பறப்பு மதிப்பெண், பயிற்றுநர்களின் கருத்து, உடல் தகுதி, அந்த பேட்சில் எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு எல்லாவற்றையும் வைத்துப் பிரிப்பார்கள். உங்கள் விருப்பத்தையும் கேட்பார்கள், ஆனால் அது பட்டியலில் ஒன்று, அவ்வளவே. ஹெலிகாப்டர் கிடைத்தவர் ஹக்கிம்பேட்டையில் சேத்தக்கில் ஏறுவார். சரக்கு விமானம் என்றால் டோர்னியர். போர் விமானம் என்றால் கிரண் போன்ற பயிற்சி ஜெட், அப்புறம் பீதரில் ஹாக். போர் விமானப் பயிற்சியில் தடுமாறுகிறவரை இந்தக் கட்டத்திலேயே மற்ற இரண்டில் ஒன்றுக்கு மாற்றிவிடுவதும் உண்டு. 'கிடைத்ததில் சேருவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது இங்கே எடுபடாத திட்டம்.

ஏன் திரும்பி வர முடியாது? திறமைக் குறைவு காரணமல்ல. சியாச்சினில் சீட்டா ஹெலிகாப்டரை இறக்குகிறவரின் கைப்பக்குவம் யாருக்கும் குறைந்ததல்ல. தடை, பதவி உயர்வுக் கணக்கில் இருக்கிறது. பணியில் சேர்ந்து 2 ஆண்டில் ஃபிளைட் லெப்டினன்ட், 6 ஆண்டில் ஸ்குவாட்ரன் லீடர், 13 ஆண்டில் விங் கமாண்டர். போர் விமான ஸ்குவாட்ரனில் (விமானங்களும் பைலட்களும் கொண்ட படை அலகு) இந்த ஆண்டுகளுக்கு இணையாக இன்னொரு ஏணி ஓடுகிறது: முதலில் லீடரின் பக்கத்தில் ஒட்டிப் பறக்கும் விங்மேன், பிறகு இரண்டு விமானங்களுக்குத் தலைவர், பிறகு நான்குக்கு, அதன்பின் மொத்தத் தாக்குதலையும் திட்டமிடுகிறவர். ஸ்குவாட்ரன் லீடர் ஆகும்போது புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். எட்டு ஆண்டு மி-17 ஹெலிகாப்டர் ஓட்டியவரைக் கொண்டுவந்தால் பதவியில் மூத்தவர், பறப்பதில் கடைக்குட்டி. அவரை எந்த இடத்தில் உட்கார வைப்பது? கிரண், ஹாக் என்று மறுபடி முதலிலிருந்து ஆகும் செலவு தனி.

எதிர்த்திசைப் பயணத்துக்குப் பெரும்பாலும் காரணம் மருத்துவம். இருக்கையோடு வெளியே எறியப்படும் 'எஜெக்‌ஷன்' உயிரைக் காப்பாற்றும். ஆனால் அந்த ஒரு உதைப்பில் முதுகெலும்பு நசுங்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்து, சில காலம் தரையில் வைத்து, எலும்பு சரியானால் மறுபடி போர் விமானத்துக்கே அனுப்புவார்கள். சரியாகாவிட்டால்தான் பிரிவு மாற்றம். ஹெலிகாப்டரின் ஓயாத அதிர்வும் முதுகுக்கு ஆகாது என்பதால் இவர்களுக்குச் சரக்கு விமானம்தான் பொருத்தம். ஆளில்லா விமானங்களை இயக்கப் போவதும் இப்போது ஒரு வழி.

இனி ஒரே பிரிவுக்குள் நடக்கும் மாற்றம். இதைக் 'கன்வர்ஷன்' என்பார்கள். விமானம் ஓய்வு பெறும்போதோ புதிய விமானம் வரும்போதோ இது மொத்தமாக நடக்கும். மிக்-27 வைத்திருந்த 18ஆம் ஸ்குவாட்ரனை 2016இல் மூடி, 2020 மே மாதம் சூலூரில் தேஜஸோடு திறந்தார்கள். மிக்-21 ஓட்டிய 17ஆம் ஸ்குவாட்ரன் 2019இல் அம்பாலாவில் ரஃபேலுக்காக உயிர்பெற்றது. பெயர்தான் தொடரும், ஆட்கள் வெவ்வேறு ஸ்குவாட்ரன்களிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். மிக்-21 ஓட்டிக்கொண்டிருந்த சிவாங்கி சிங் ரஃபேலுக்குப் போனதும், மோகனா சிங் 2024இல் தேஜஸுக்குப் போனதும் இப்படித்தான்.

முதலில் வகுப்பறை: இன்ஜின், ஹைட்ராலிக், மின்சாரம், எரிபொருள், வேக வரம்புகள், எழுத்துத் தேர்வு. அவசர நடவடிக்கைகளைப் புத்தகத்தைத் திறக்காமல் சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டிவிட்டு, கேட்ட சுவிட்சைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்வது பழைய வழக்கம். பிறகு சிமுலேட்டர், பயிற்றுநரோடு இரட்டை இருக்கை விமானம், தனிப்பறத்தல். தனியாகப் பறந்துவிட்டால் முடிந்தது என்று வெளியே நினைப்பார்கள். உண்மையில் அங்கேதான் ஆரம்பம்: மேகத்துக்குள் கருவியை மட்டும் பார்த்துப் பறப்பது, கூட்டாகப் பறப்பது, இரவு, ஆயுதம் எல்லாம் அதன் பிறகுதான். போருக்கு முழுத் தகுதி கிடைக்கும்வரை அவர் ஸ்குவாட்ரனின் கணக்கில் அரை ஆள்தான்.

தப்பு நடப்பது புதிதாகக் கற்றதில் அல்ல, பழகிப்போனதில். ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சேத்தக், மி-17, மி-35 மூன்றிலும் மேல் ரோட்டர், மேலிருந்து பார்த்தால், கடிகாரத் திசையில் சுற்றும். கலெக்டிவ் நெம்புகோலை உயர்த்திச் சக்தி கூட்டியதும் மூக்கு இடப்பக்கம் ஓடப் பார்க்கும். வலது காலால் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். அமெரிக்க அப்பாச்சியில் ரோட்டர் எதிர்த்திசை. மூக்கு வலப்பக்கம் ஓடும், இடது கால் வேலை செய்ய வேண்டும். பதான்கோட்டில் மி-35 வைத்திருந்த 125ஆம் ஸ்குவாட்ரனுக்கு 2019இல் அப்பாச்சி வந்தது. அத்தனை ஆண்டும் வலது காலை நம்பிய ஒருவர், தரைக்கு மூன்று மீட்டர் உயரத்தில் பதறினால் எந்தக் கால் முதலில் போகும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று செயற்கைத் தொடுவானம் காட்டும் கருவி. மேற்கத்திய வகையில் விமானச் சின்னம் அசையாது, தொடுவானக் கோடு சாயும். பழைய ரஷ்ய வகையில் கோடு சாயாது, சின்னம் சாயும். மேகத்துக்குள் திடீரென்று பார்த்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்பதே தலைகீழாகப் புரிந்து, கட்டுப்பாட்டுக் கோலைத் தப்பான பக்கம் தள்ளிவிடலாம். 2008இல் ரஷ்யாவின் பெர்ம் நகரில் போயிங் 737 விழுந்து 88 பேர் இறந்த விபத்தில் இந்த வேறுபாட்டையும் ஒரு காரணமாக விசாரணை அறிக்கை சொன்னது. சின்ன விஷயங்களும் உண்டு: மிக்-21இல் வேகம் கிலோமீட்டரில், உயரம் மீட்டரில், மேற்கத்திய விமானத்தில் நாட், அடி. மிக்-21இன் பிரேக், கட்டுப்பாட்டுக் கோலில் இருக்கும் நெம்புகோல். ஹாக்கில் பெடலின் நுனி.

சரக்கு விமானத்தில் ஏணி வேறு: துணை பைலட், பிறகு கேப்டன். சி-17 போன்ற பெரிய விமானத்துக்குச் சிறியவற்றில் அனுபவம் சேர்த்தவர்களையே விரும்புவார்கள். சி-295 வந்தபோது முதல் குழுக்கள் ஸ்பெயினின் செவில் போய்ப் பயின்றார்கள். திரும்பியதும் அவர்களே மற்றவர்களுக்கு ஆசிரியர்கள்.

பிரிவு எல்லையை உண்மையிலேயே தாண்டுகிறவர் டெஸ்ட் பைலட். பெங்களூருவில் 48 வாரப் படிப்பு. ககன்யான் விண்வெளிப் பயணத்துக்குத் தேர்வான, சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் சுகோய்-30, மிக்-29, ஜாகுவார் ஆகியவற்றோடு டோர்னியர், ஆன்டனோவ்-32 சரக்கு விமானங்களும் ஓட்டியவர். ஆனால் அது சோதிப்பதற்கு. சரக்கு ஸ்குவாட்ரனில் சேருவதற்கல்ல.

போர் விமானம்தான் வேண்டும் என்று இருப்பவர்கள் பயிற்சிக்குப் போகும் முன்பே பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, பைலட் தகுதியைச் சோதிக்கும் சி.பி.எஸ்.எஸ். கணினித் தேர்வு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை. தவறினால் எந்த நுழைவு வழியாகவும் பைலட் ஆக முடியாது. இன்னொன்று உடல் அளவு. உயரம் குறைந்தது 162.5 செ.மீ. என்பது எல்லோருக்கும் தெரியும். உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரை, கால் நீளம் 99 முதல் 120 வரை, தொடை நீளம் 64 செ.மீ.க்குள் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. தொடை நீண்டால் எஜெக்‌ஷனில் முழங்கால் முன்பலகையில் இடிக்கும். இதற்கு உடற்பயிற்சியும் இல்லை, மேல்முறையீட்டில் குறைவதும் இல்லை. சுவரில் முதுகையும் இடுப்பையும் ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் முன்முனை வரை வீட்டிலேயே அளந்துவிடலாம்.