கேள்வி–பதில்

வாசகர், திண்டுக்கல்: நியூயார்க்கில் தெருவெல்லாம் தங்கம் என்று நம்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் கடைசியில் ஒண்டுக்குடித்தனத்தில் சீரழிந்ததாகப் படித்தேன். அவ்வளவு ஏமாளிகளா அவர்கள்?

பதில்: அவசரப்படாதீர்கள். ஊருக்கு வந்த அமெரிக்காக் கடிதத்தில் பணமும் வந்தது. குத்தகை பாக்கி தீர்ந்தது. சில கடிதங்களில் தம்பிக்கோ தங்கைக்கோ முன்பே காசு கட்டிய கப்பல் டிக்கெட் இருந்தது. எமிக்ரன்ட் இண்டஸ்ட்ரியல் சேவிங்ஸ் பேங்க் என்று நியூயார்க்கில் 1850இல் தொடங்கிய வங்கி இப்படிப் பணம் அனுப்பும் வேலையையும் பார்த்தது. கையில் எண்ணிப் பார்த்த காசை நம்பியதில் என்ன ஏமாளித்தனம்? கஷ்டத்தை எழுதியவர்களும் உண்டு. பணத்தோடு வந்த புலம்பல் யார் காதில் ஏறும்?

ஜோசப் – பிரிட்ஜெட் மூர் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1860களில் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள். 1869இல் ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண்ணில் குடியிருந்தார்கள் (அந்தக் கட்டடம் இப்போது டெனிமென்ட் மியூசியம், அதாவது ஒண்டுக்குடித்தன அருங்காட்சியகம்). மூன்று அறையும் சேர்ந்தே 325 சதுர அடி. நேரடி வெளிச்சம் ஓர் அறைக்குத்தான். குழாயும் கக்கூஸும் கொல்லையில். சமைக்க, துவைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட ஒவ்வொரு வாளியையும் மாடிக்குத் தூக்க வேண்டும். அழுக்குத் தண்ணீரை மறுபடி கீழே இறக்க வேண்டும். 1867இல் வந்த சட்டம் கேட்டதே 20 பேருக்கு ஒரு கக்கூஸ்தான்!

அந்த வீட்டில்தான் அவர்களுடைய கைக்குழந்தை ஆக்னஸ் 1869இல் உடல் மெலிந்து இறந்தாள். பால்மீது சந்தேகம். சாராய ஆலையில் மிஞ்சும் தானியக் கழிவைச் சூடாகத் தொட்டியில் ஊற்றி, பக்கத்துக் கொட்டகையில் நாள் முழுக்கக் கட்டிப்போட்ட மாடுகளுக்குக் கொடுப்பார்கள். புல்லே கிடையாது. மாட்டுக்குப் பல் கொட்டும், வால் அழுகும். பால் நீர்த்து, நீலம் பாய்ந்து இருக்கும். நிறத்துக்குச் சுண்ணாம்புத்தூள், கெட்டியாக மாவு. சத்தில்லாத, கிருமி மண்டிய அந்தப் பால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். குடித்தது எதுவும் உடம்பில் ஒட்டாது. வண்டியில் மட்டும் ‘சுத்தமான கிராமத்துப் பால்’ என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கிராமத்தை விட்டு வந்தவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இந்தப் பாலை மாநிலச் சட்டம் 1862இலேயே தடை செய்திருந்தது.