ரூய் லோபஸில் பிஷப்பை மூன்று சிப்பாய்கள் பிடிக்கும் பொறி

கேள்வி: சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களில் நான் எப்போதும் ரூய் லோபஸ் திறப்பையே ஆடுகிறேன். எதிராளி சிப்பாய்களைத் தள்ளியே என் பிஷப்பைப் பிடித்துவிடுகிறார். தவறு எந்த நகர்த்தலில் நேர்கிறது? இந்தத் திறப்பையே விட்டுவிடலாமா?

பதில்: திறப்பை விட வேண்டியதில்லை. நீங்கள் சிக்குவது ‘நோவாவின் பேழை’ என்று பெயர் பெற்ற பழைய பொறி. ஹங்கேரியின் எண்ட்ரே ஸ்டெய்னர், 1929-இல் புடாபெஸ்டில், முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவிடமே இதில் சிக்கித் தோற்றிருக்கிறார்.

அந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள் (காயின் பெயர் இல்லாத நகர்த்தல் சிப்பாயுடையது; எண்ணுக்குப் பின் ‘…’ வந்தால் அது கறுப்பின் நகர்த்தல்): 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.பிஷப் பி5 ஏ6 4.பிஷப் ஏ4 டி6 5.டி4 பி5 6.பிஷப் பி3. இப்போது கறுப்பு குதிரையால் டி4 சிப்பாயை வெட்ட, வெள்ளைக் குதிரை அதை வெட்ட, இ5 சிப்பாய் அந்தக் குதிரையை வெட்டி டி4-இல் வந்து நிற்கிறது. காவலின்றி நிற்கும் அந்தச் சிப்பாயை 8-ஆவது நகர்த்தலில் ராணியால் எடுப்பதுதான் தவறு. உடனே சி5 வருகிறது; ராணி விலகியே ஆக வேண்டும், அடுத்து சி4 வந்தால் பிஷப்பின் கதை முடிந்தது. ஏ4 கட்டத்தை பி5 சிப்பாய் காக்கிறது. ஏ2, சி2 ஆகிய இரண்டிலும் வெள்ளையின் சொந்தச் சிப்பாய்களே வழியை அடைத்து நிற்கின்றன.

ராணி டி5-க்குப் போனால் எஃப்7-இல் மேட், ஏ8-இல் யானை என இரட்டை மிரட்டல் கிடைக்கிறதே என்று தோன்றும். ஸ்டெய்னரும் அப்படித்தான் ஆடினார். இந்தப் பொறியின் அழகே இதற்கான பதிலில்தான் இருக்கிறது. கறுப்பு 9…பிஷப் இ6 என்று ஆடும்போது, அந்த ஒரே நகர்த்தல் எஃப்7-க்கான வழியை மறிக்கிறது, ராணியைத் தாக்குகிறது, சி8 கட்டத்தைக் காலி செய்து டி8 ராணியின் காவலை ஏ8 யானை வரை நீட்டுகிறது. 10.ராணி சி6 செக், பிஷப் டி7 11.ராணி டி5 என்று மீண்டும் மேட் மிரட்டினாலும், 11…சி4 பிஷப்பின் சாய்வு வழியையே மறித்துவிடுவதால் எஃப்7-இல் ராணிக்குத் துணை இல்லை. பிஷப்புக்கு ஈடாக இரண்டு சிப்பாய்கள் கிடைக்கும், அது போதாது.

எனவே 8-ஆவது நகர்த்தலில் ராணியைத் தொடாமல் பிஷப்பை டி5-க்குக் கொண்டுபோங்கள். ஏ8 யானை தாக்கப்படுவதால் அது பி8-க்கு நகரும், பிறகு 9.பிஷப் சி6 செக், பிஷப் டி7 10.பிஷப்பால் டி7-இல் வெட்டு, ராணியால் வெட்டு 11.ராணியால் டி4 சிப்பாயை எடுத்தால் கணக்கு சமம். அதே 8-ஆவது நகர்த்தலில் சி3 என்று ஒரு சிப்பாயைத் தியாகமாக நீட்டுவதும் உண்டு. தாக்குதல் ஆட்டம் பிடித்தவர்கள் முயலலாம். ஆனால் என் பரிந்துரை, 5-ஆவது நகர்த்தலிலேயே டி4-ஐத் தள்ளிவைத்து, சி3 ஆடுவதுதான். அப்போது சி2 கட்டம் காலியாகி பிஷப்புக்குப் பின்வாசல் கிடைக்கிறது. டி4-உம் வலுவான ஆதரவோடு பின்னால் வரும்.

4…குதிரை எஃப்6 என்று தொடங்கும் வழக்கமான வரிசையிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. 5.கோட்டை கட்டுதல், பிஷப் இ7 6.யானை இ1, பி5 7.பிஷப் பி3, டி6 என்ற நிலையில் 8.டி4 ஆடினால், டி4-இல் குதிரைகள் வெட்டுப்பட்ட பிறகு ராணியால் சிப்பாயை எடுப்பவருக்கு அதே சி5, சி4 காத்திருக்கின்றன. இங்கே எஃப்6 குதிரை டி5-ஐக் காப்பதால் அந்த மேட் மிரட்டலுக்கும் இடமில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் 8-ஆவது நகர்த்தலாக சி3 வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.