சோவியத் உடைந்ததும் ஆர்மீனியாவும் அசர்பைஜானும் ஏன் மோதின? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் முஸ்லிம்கள். இது மதச் சண்டைதானே?

இல்லை. அசர்பைஜானில் ஷியா முஸ்லிம்களே பெரும்பான்மை. ஆனாலும் ஷியா நாடான ஈரான், ஆர்மீனியாவுடனான எல்லையைத் திறந்தே வைத்திருந்தது. சண்டை நிலத்துக்காக. நாகோர்னோ-கராபாக் சுமார் 4,400 சதுர கிலோமீட்டர் மலைப்பகுதி. 1989 கணக்கெடுப்பின்படி அங்கே நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆர்மீனியர்கள். ஆனால் அது அசர்பைஜான் குடியரசின் எல்லைக்குள் இருந்தது.

கேள்வி: ஸ்டாலின் வேண்டுமென்றே போட்ட எல்லை என்கிறார்களே?

அப்படி ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. கதை அதற்கும் முன்பே, ஜார் பேரரசு சரிந்தபோது தொடங்குகிறது. 1918 மே 28 அன்று இரு நாடுகளும் ஒரே நாளில் விடுதலையை அறிவித்தன. கராபாக், சங்கெசூர், நக்சிவான் என்ற மூன்று பகுதிகளுக்காகவும் மோதிக்கொண்டன. 1920இல் ரஷ்யக் கம்யூனிஸ்டுகளின் செம்படை வந்தது. 1921 ஜூலை 4 அன்று கம்யூனிஸ்ட் கட்சியின் காகசஸ் குழு கராபாக்கை ஆர்மீனியாவுக்குத் தர முடிவெடுத்தது. மறுநாளே அந்த முடிவு மாறியது. ஸ்டாலின் அங்கே இருந்தார், செல்வாக்கும் அவருக்கு இருந்தது. ஆனால் அசர்பைஜான் தலைநகர் பாகூவின் எண்ணெய், துருக்கியுடனான உறவு, சமவெளியோடு கராபாக்குக்கு இருந்த பொருளாதாரப் பிணைப்பு ஆகியவையும் அந்தக் கணக்கில் இருந்தன. 1923இல் அது அசர்பைஜானுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியானது. மாஸ்கோ பலமாக இருந்தவரை அது வெறும் நிர்வாகக் கோடுதான்.

கேள்வி: பிறகு ஏன் 1988இல் வெடித்தது?

மனக்குறை அதற்கு முன்பும் இருந்தது. 1960களிலேயே மாஸ்கோவுக்கு மனுக்கள் போயின. கோர்பசேவ் காலத்தில் வாய் திறக்க வழி பிறந்தது. 1988 பிப்ரவரி 20 அன்று, தங்களை ஆர்மீனியாவுடன் இணைக்கும்படி கராபாக் மன்றம் தீர்மானம் போட்டது. ஒரே வாரத்தில் அசர்பைஜானின் சும்காயித் நகரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். பேசித் தீர்க்கும் வாய்ப்பு அங்கேதான் செத்தது என்பது என் உறுதியான எண்ணம். அதன் பிறகு இரு பக்கமும் இலட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்.

கவனியுங்கள், இவ்வளவும் சோவியத் உயிரோடு இருந்தபோதே நடந்தவை. பேரரசின் சரிவு இந்தப் பகையை உண்டாக்கவில்லை. நடுவரை அகற்றியது, கையில் ஆயுதத்தைக் கொடுத்தது.

கேள்வி: ஆயுதம் எங்கிருந்து வந்தது?

பெரும்பகுதி சோவியத் படை விட்டுச்சென்ற கிடங்குகளிலிருந்து. சிப்பாய்களே கூலிக்குச் சண்டையிட்டதும் உண்டு. 1992 பிப்ரவரியில் கராபாக்கில் உள்ள கோஜாலி ஊரிலிருந்து தப்பியோடிய நூற்றுக்கணக்கான அசர்பைஜானியப் பொதுமக்களை ஆர்மீனியப் படைகள் கொன்றன. கராபாக்கின் தலைநகர் ஸ்டெபனகெர்ட்டில் இருந்த முன்னாள் சோவியத் படையின் 366ஆவது ரெஜிமென்டின் சிப்பாய்கள் சிலரும் அந்தத் தாக்குதலில் சேர்ந்திருந்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. சும்காயித்தைச் சொல்பவர்கள் கோஜாலியையும், கோஜாலியைச் சொல்பவர்கள் சும்காயித்தையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: பேரரசு உடைந்தால் போர் வந்தே தீருமா அண்ணா?

வராது தம்பி. சோவியத்திலிருந்து 15 நாடுகள் பிறந்தன. வட கஜகஸ்தானில் ரஷ்யர்கள் பெருமளவில் வாழ்ந்தும் அங்கே போர் மூளவில்லை. 1991 டிசம்பர் 21 அன்று கஜகஸ்தானின் அல்மா-அட்டா நகரில் கூடிய 11 குடியரசுகள் ஒன்றன் எல்லையை மற்றொன்று மதிப்பதாக ஒப்புக்கொண்டன. ஆர்மீனியாவும் அசர்பைஜானும் அதில் கையெழுத்திட்டவைதான். ஆனால் அதற்குள் இவர்களுக்கிடையே ஏறக்குறைய நான்காண்டு இரத்தம் சிந்தியாயிற்று.

கேள்வி: இப்போது முடிந்துவிட்டதா?

1994 மே மாதம் சண்டை நின்றபோது, கராபாக்கோடு அதைச் சுற்றிய ஏழு மாவட்டங்களும் முழுதாகவோ பகுதியாகவோ ஆர்மீனியர் கையில் இருந்தன. 2020இல் 44 நாள் போரில் அசர்பைஜான் பெரும்பகுதியை மீட்டது. 2023 செப்டம்பரில் எஞ்சியதையும் பிடித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் வெளியேறிவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் சமாதான ஒப்பந்தத்தின் வாசகத்துக்கு இரு வெளியுறவு அமைச்சர்களும் முதற்கட்ட ஒப்பமிட்டார்கள். பழைய சோவியத் குடியரசுகளின் எல்லைகளே நாட்டு எல்லைகள் என்பதுதான் அதன் அடிப்படை. வெளியேறியவர்கள் ஊர் திரும்புவதற்கு இன்னும் வழி பிறக்கவில்லை.