கிழக்குக் கடற்கரையில் வீடு: கேள்வி பதில்

மேடம், மரக்காணம் பக்கம் கடலோரமா மனை பார்த்திருக்கோம். எவ்வளவு தள்ளிக் கட்டணும்?

2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, ஊர்ப்புறங்களில் உயர் அலைக்கோட்டிலிருந்து (ஓதம் ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை புதிய வீட்டுக்குத் தடை. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களில் மட்டும் அது 50 மீட்டர். உங்கள் மனை எதில் வருகிறது என்பதை மாவட்டக் கடலோர மண்டல வரைபடத்தில் நீங்களே பாருங்கள். தரகர் சொல்வது போதாது.

சட்டம் எதை அனுமதித்தாலும் மணல்மேட்டுக்குப் பின்னால்தான் கட்டுங்கள். மேட்டை மட்டம் தட்டவே கூடாது. புயலில் பொங்கிவரும் கடலுக்கு முதல் தடுப்பு அதுதான். அடப்பங்கொடியும் ராவணன்மீசையும்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றைக் களை என்று பிடுங்கிவிட்டுப் புல்தரை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கடல் தெரியணும்னு கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி போடலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. காலை வெயில் நேரே உள்ளே இறங்கி, பத்து மணிக்கே கூடம் கொதிக்கும். எட்டடி அகலத்துக்கு ஒரு தாழ்வாரம் இறக்கி, அதற்குள் மரச்சட்டக் கதவுகள் வையுங்கள். உட்கார்ந்தாலும் கடல் தெரியும், ஐப்பசி கார்த்திகையில் கடல் பக்கமிருந்து அடிக்கும் சாரலும் அறைக்குள் வராது. தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையோடு சேர்க்காமல் தனியாக அமையுங்கள். புயல் அதைப் பிய்த்தாலும் வீட்டுக் கூரை தப்பும்.

காற்று இன்னும் முக்கியம். சித்திரை, வைகாசியில் முற்பகல் முழுக்க மேற்கிலிருந்து வெக்கைக் காற்று அடிக்கும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று திரும்பும். அதனால் மேற்குச் சுவரில் சன்னல்களைச் சிறிதாக, மூடக்கூடியதாக, உயரத்தில் வையுங்கள். காலையில் மூடி, கடற்காற்று வந்ததும் திறந்தால் சூடு மேல்வழியாக வெளியேறும். வீடு ஓர் அறை ஆழத்துக்கு நீளவாட்டில் இருந்தால் எல்லா அறைக்கும் காற்று கிடைக்கும்.

எங்க தெருவில் பத்து வருஷத்திலேயே கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியுது. ஏன்?

உப்புக் காற்றின் குளோரைடு உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456, கடலோரத்துக்குக் குறைந்தது எம்30 வலிமைத் தரக் கலவை, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள் என்கிறது. அலைத்திவலை படும் இடமென்றால் எம்35, 50 மி.மீ. உப்பு போர்வெல் தண்ணீரில் கலவை போடுவதும், போட்ட கான்கிரீட்டை நனைத்து நீராற்றுவதும் கூடாது. செலவைக் குறைக்க வேண்டுமானால் டைல்ஸில் குறையுங்கள், இதில் வேண்டாம்.

ஆழமா போர் போட்டா நல்ல தண்ணி கிடைக்குமா?

உப்புதான் கிடைக்கும். கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியிலுள்ள உப்பு ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறும் என்பது கணக்கு. ஆழமில்லாத உறைகிணறு, சின்ன மோட்டார், கூரை மழைநீருக்குத் தொட்டி, இவை போதும்.

தோட்டத்தில் ராத்திரி விளக்கு?

கடலைப் பார்த்து வேண்டாம். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நினைத்து உங்கள் வாசலுக்கு வந்து சாகும். தாழ்வான, மூடாக்குள்ள மஞ்சள் விளக்கை மேற்குப் பக்கம் மட்டும் வையுங்கள். குஞ்சு பொரிந்து முடியும்வரை கடல் பக்கத் திரையையும் இரவில் இழுத்துவிடுங்கள்.