ஆச்சி பதில்கள்: நட்சத்திரம் யார் பக்கம்?

சி மொழியில் சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள் என்று சென்ற இதழில் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாறிகளை, அதாவது நிரலில் மதிப்புகளை வைக்கும் பெயர்களை, அறிவிக்கும் முறை பற்றியே இருக்கின்றன. அச்சு வசதிக்காக நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

"இன்ட்* அசல், வட்டி; என்று அறிவித்தேன். இரண்டும் பாயின்டர் என்றுதான் நினைத்தேன். வட்டியில் ஒரு முகவரியை வைத்தால் கம்பைலர் ஏன் சண்டைக்கு வருகிறது ஆச்சி?"
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

சண்டைக்கு வந்ததே என்று சந்தோஷப்படுங்கள் தம்பி. சி நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர்களில் ஒன்றான ஜிசிசி, பழைய பதிப்பாக இருந்தால், ஓர் எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு உங்களைப் போகவிட்டிருக்கும். 2024இல் வந்த ஜிசிசி 14தான் இதைப் பிழை என்றே சொல்லி நிறுத்துகிறது. உங்கள் வரியில் அசல் மட்டும் பாயின்டர், அதாவது முகவரியை வைக்கும் மாறி. வட்டி வெறும் இன்ட், முழு எண்ணை வைக்கும் மாறி.

சி மொழியை 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, ஒரு மாறியைப் பின்னால் எப்படிப் பயன்படுத்துவோமோ அதே வடிவில் அதை அறிவிக்க வேண்டும் என்று வைத்தார். 'இன்ட் *அசல்' என்றால், *அசல் என்று எழுதும் இடத்தில் ஓர் இன்ட் கிடைக்கும் என்று பொருள். 'இன்ட் தவணை[12]' என்றால், தவணை[3] என்று எழுதும் இடத்தில் ஓர் இன்ட் கிடைக்கும். ஆக, நட்சத்திரம் (*) பெயரின் சொத்து. அதை வகையின் பக்கம் ஒட்டி எழுதினாலும் கம்பைலர் ஏமாறாது, படிக்கிறவர்தான் ஏமாறுவார். சி++ மொழியைத் தந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் வகையின் பக்கம் ஒட்டுவதையே விரும்புகிறார். அது அவர் வீட்டு வழக்கம். சி எழுதும்போது நட்சத்திரத்தைப் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்.

அதைவிட நல்லது, ஒரு வரிக்கு ஒரு மாறி:

இன்ட் *அசல்;
இன்ட் வட்டி; /* நூற்றுக்கு, மாதத்துக்கு, பைசாவில் */

வட்டிக்குப் பக்கத்தில் நான் எழுதியிருக்கும் குறிப்பைப் பாருங்கள். நம் ஊரில் 'ஒரு ரூபாய் வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். வங்கியில் வட்டி என்றால் ஆண்டுக் கணக்கு. வெறும் 'வட்டி' என்ற மாறியைப் பார்த்து இது எந்தக் கணக்கு என்று யாரால் சொல்ல முடியும்? ஐந்து மாறிகளை ஒரே வரியில் அடைத்தால் இப்படி ஒரு குறிப்பு எழுத இடமே இருக்காது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்கு (கெர்னல்) நிரல் எழுதுவோருக்கான விதிகளும் இதே காரணத்தைச் சொல்லித்தான் ஒரு வரிக்கு ஓர் அறிவிப்பு என்கின்றன.

"ஆய்வகத்தில் எல்லா மாறிகளையும் மேலேயே அறிவிக்கச் சொல்கிறார்கள். வேலைக்குப் போன அண்ணன், பயன்படுத்தும் இடத்தில் அறிவி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"
– பாலிடெக்னிக் மாணவி, காரைக்குடி

இரண்டு பேரும் சரிதான் அம்மா, காலம்தான் வேறு. உங்கள் ஆய்வகத்தில் இருப்பது பெரும்பாலும் டர்போ சி என்ற பழைய கம்பைலராக இருக்கும். அது சி மொழிக்கு 1989இல் வகுத்த தரத்தின் காலத்து ஆள். நெளிவு அடைப்புக்குறி திறந்ததும் அறிவிப்புகளை முடித்துவிட வேண்டும், பிறகுதான் வேலை. 1999 தரம் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது; ஃபார் சுற்றுக்குள்ளேயே 'இன்ட் ஐ = 0' என்று எழுதவும் அனுமதித்தது. மதிப்பெண் வேண்டுமானால் ஆய்வகத்தில் மேலேயே அறிவியுங்கள். வீட்டில் புது கம்பைலர் இருந்தால் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

நான் அண்ணன் கட்சி. காரணம் சொல்கிறேன். ஃபங்ஷனின் தலைப்பில் 'இன்ட் மொத்தம்;' என்று அறிவித்துவிட்டு, நாற்பது வரி தள்ளி 'மொத்தம் += தவணை[ஐ];' என்று எழுதுவார்கள். நடுவில் பூஜ்யம் வைக்க மறந்துபோகும். ஃபங்ஷனுக்குள் இருக்கும் சாதாரண மாறிக்கு சி தானாகப் பூஜ்யம் வைக்காது. அந்த நினைவக இடத்தில் முன்பு கிடந்த குப்பையே அதன் மதிப்பாக இருக்கும். ஃபங்ஷனுக்கு வெளியில் அறிவித்த மாறிக்கும் ஸ்டாடிக் மாறிக்கும் மட்டும்தான் பூஜ்யம் உறுதி. குப்பை சில நாள் பூஜ்யமாகவே இருந்து சரியான விடையும் வந்து தொலைக்கும். அப்படிப்பட்ட நிரல் தேர்வாளர் முன்னால்தான் காலை வாரும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா மாறிக்கும் மேலேயே '= 0' போடாதீர்கள். மதிப்பு வைக்காத மாறியைப் பயன்படுத்துகிறாய் என்று கம்பைலர் தரக்கூடிய எச்சரிக்கையை அந்தப் பூஜ்யம் வாயடைத்துவிடும். தவறான விடை அமைதியாக வெளியே வரும். மதிப்பு தெரியும்வரை காத்திருந்து, தெரிந்த இடத்தில் அறிவித்து, அங்கேயே மதிப்பை வைப்பதுதான் சுத்தம். ஜிசிசியில் 'வால்' (-Wall) என்ற எச்சரிக்கைத் தெரிவைப் போடாமல் எந்த நிரலையும் ஓட்ட வேண்டாம்.

மேலேதான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் ஃபங்ஷனைச் சிறிதாக்குங்கள். ஒரு ஃபங்ஷனுக்குள் ஐந்து முதல் பத்து மாறிகளுக்கு மேல் போனால் எங்கோ தவறு என்று லினக்ஸ் விதிகள் சொல்கின்றன. பத்தே எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

"அலுவலகத்தில் மாறியின் பெயருக்கு முன்னால் அதன் வகையைக் காட்டும் எழுத்தைச் சேர்க்கச் சொல்கிறார்கள். இது தேவையா?"
– வாசகர், பள்ளத்தூர்

ஹங்கேரியில் பிறந்து மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய சார்லஸ் சிமோனி பெயரோடு சேர்ந்த முறை இது. நீங்கள் பள்ளத்தூர்க்காரர், விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் வரும் முன்னோரின் முதலெழுத்துகள், என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பித்தளைக் குடத்தில் வெட்டியிருக்கும் எழுத்துகளைப் பார்த்தாலே அப்பச்சி (அப்பா) யார், ஐயா (தாத்தா) யார் என்று தெரிந்துவிடும். ஆனால் ஐயா மாற மாட்டார், மாறியின் வகை மாறும். விண்டோஸில் 'டபிள்யூபேரம்' (wParam) என்று ஒரு மாறி உண்டு. 16 பிட் காலத்தில் 'வேர்ட்' (16 பிட் எண்) என்பதற்காக வைத்த டபிள்யூ அது. 32 பிட் வந்தது, 64 பிட் வந்தது, மாறியும் அகலமானது. டபிள்யூ மட்டும் இன்றுவரை அப்படியே நின்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சிமோனி உண்மையில் நினைத்தது வேறு: ஒரு எண் கிடை வரிசையைக் குறிக்கிறதா, நெடு வரிசையைக் குறிக்கிறதா என்பது போன்ற பயனைக் காட்டும் முன்னெழுத்து. அது எனக்குப் பிடிக்கும். ரூ_தொகை, பை_தொகை இரண்டும் இன்ட்தான். ரூபாயையும் பைசாவையும் கூட்டிவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது, ஆனால் பெயரைப் பார்த்தவுடன் உங்களுக்கு உறுத்தும். அலுவலக விதியை மட்டும் நீங்கள் தனியாக மீறாதீர்கள். ஒரே கோப்பில் இரண்டு வழக்கம் கலந்திருப்பது இரண்டில் எந்த வழக்கத்தையும்விட மோசம்.

"மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடியுமா ஆச்சி?"
– வாசகி, கானாடுகாத்தான்

முடியும். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் நேராகத் தமிழிலேயே அடிக்கலாம். ஒரு கண்ணி இருக்கிறது: 'கௌரி' என்பதைச் சிலர் கெ, ள, ரி என்று அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கம்பைலருக்கு இரண்டு வேறு பெயர்கள். 'க' என்ற எழுத்தும் '௧' என்ற தமிழ் எண்ணும் அப்படியே. பயிற்சிக்குத் தாராளமாக எழுதிப் பாருங்கள். பலர் கைபடும் நிரலில் வேண்டாம்.

"சுற்றுகளில் எல்லோரும் ஐ, ஜே என்றே பெயர் வைக்கிறார்களே?"
– வாசகர், புதுவயல்

ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழியின் வழக்கம். அதில் ஐ முதல் என் வரையிலான எழுத்தில் தொடங்கும் பெயர்கள், அறிவிக்காமல் விட்டால், முழு எண்களாகக் கொள்ளப்படும். நாலு வரிச் சுற்றுக்கு ஐ போதும். சுற்று ஒரு பக்கம் நீண்டால் 'மாதம்' என்றோ 'வரிசை' என்றோ பெயர் வையுங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுற்று வந்து, கே வரைக்கும் போய்விட்டால் உள் சுற்றைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்துவிடுங்கள்.